ஸுல்பாவின் மிஸி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாற்பது நாளாகியும், பரீனாவால் மகளுக்கு ஒழுங்காகத் தலை இழுத்துவிட முடியவில்லை. சீப்பை வைத்தவுடனேயே பிள்ளை தலையை விலக்கிக்கொள்ளும்.

"அப்பிடி இல்லை உம்மா. மிஸி முதல்ல நுனியில இருந்துதான் சிக்கெடுப்பா. பிறகுதான் மேல வருவா. நோகாது."

பரீனா நுனியிலிருந்து தொடங்கினாள்.

"மிஸி பாட்டும் படிப்பா."

"எனக்குப் பாட்டு வராது மகள்."

"தெரியும்," என்றாள் ஸுல்பா.

ஏழு வயதுப் பிள்ளை அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் பரீனாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. தலை இழுப்பதில் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கஞ்சியை மிஸி ஆற்றித் தருவாள், உம்மா சுடச்சுடத் தருகிறாள். கால் நீவும்போது மிஸியின் கை சூடாக இருக்கும், உம்மாவின் கை குளிராக இருக்கிறது. இரண்டு அறையும் குசினியும் கொண்ட அந்தச் சின்ன வீட்டில், ஒரு நாளும் காலடி வைத்திராத ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒருத்தி நாள் முழுக்க நடமாடிக்கொண்டிருந்தாள்.

நீராவிப்பிட்டியில் பரீனாவின் கணவன் பைறூஸுக்கு இரண்டு ஏக்கரில் கச்சான், அதாவது நிலக்கடலைத் தோட்டம். புத்தளத்தில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கல்யாணம் முடித்து, திரும்பி வந்து காடு வெட்டி, கொட்டில் போட்டு, பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்டி, எல்லாம் நடந்து ஒன்பதாவது வருடத்தில்தான் ஸுல்பா பிறந்தாள். அதற்குப் பிறகு பிள்ளை இல்லை.

போன மாசியில் பிள்ளைக்கு நாலு நாள் வயிற்றோட்டம். அது நின்று ஒரு கிழமைக்குள் பள்ளிக்கூடப் படியில் விழுந்தாள். கால் விறைக்குது என்றாள். மறுநாள் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் குரல் நூல்போல மெலிந்துவிட, முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு அம்புலன்சில் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு வயதான டாக்டர் பைறூஸையும் பரீனாவையும் கதிரையில் இருத்தி வைத்து விளக்கினார். வயிற்றுக் கிருமியோடு சண்டை பிடிக்கப் போன உடம்பு, வழி தவறிப்போய்த் தன் நரம்புகளையே தாக்குகிறது என்றார். மூச்சு விடுகிற தசையும் சோர்ந்துவிட்டது. நோய் மாறிச் சுகம் வரும், ஆனால் மாறும்வரை மெஷின்தான் பிள்ளைக்காக மூச்சு விட வேண்டும்.

மாறுவதற்கு முப்பத்தெட்டு நாள் பிடித்தது. அந்த முப்பத்தெட்டு நாளும் பரீனா பட்டாணிச்சூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடிய ஆறு மணிக்கே வந்து ஐ.சி.யு.வுக்கு வெளியே இருந்த மர வாங்கிலில் உட்கார்ந்துவிடுவாள். மத்தியானம் அரைமணி நேரம், பின்னேரம் அரைமணி நேரம், ஒரே ஒரு ஆள், பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு உள்ளே போகலாம். மிச்ச நேரமெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உள்ளே கிடந்த ஸுல்பாவுக்கு அசைவு என்று மிஞ்சியிருந்தது கண் இமை மட்டும். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்ததால் சத்தமும் இல்லை. ஆனால் எல்லாம் கேட்கும், எல்லாம் விளங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் பரீனா உள்ளே போனபோது பிள்ளை இமையைப் படபடவென்று அடித்தாள். கண்ணீர் ஓடியது.

"என்ன மகள், நோகுதா? உம்மா இஞ்சதானே நிக்கிறன். அழாதீங்கோ."

பிள்ளை இன்னும் அழுதாள். பரீனா நெற்றியைத் தடவினாள், ஓதி ஊதினாள், காலைப் பிடித்துவிட்டாள். அழுகை நிற்கவில்லை. அப்போதுதான் அந்த நேர்ஸ் வந்தாள். பிரேமிளா. ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிற குடும்பத்துப் பெண், இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும்.

"ஒருக்கா விலகுங்கோ அக்கா," என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "ஓம் எண்டா ஒருக்கா மூடுங்கோ. இல்லை எண்டா ரெண்டு தரம். சரியோ? காலா? கையா? தலையா?"

தலைக்கு ஒருமுறை மூடினாள்.

"கண்ணா? மூக்கா? காதா?"

காதுக்கு மூடினாள். பிரேமிளா பிள்ளையின் தலையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். தலையணைக்குக் கீழே இடது காது மடங்கிப்போய்ச் சிவந்து கிடந்தது. அதை நிமிர்த்திவிட்டதும் ஸுல்பாவின் முகம் அப்படியே இளகியது.

"மத்தியானத்தில இருந்து இப்பிடியே கிடந்திருக்கு போல, பாவம்," என்றாள் பிரேமிளா.

அந்த அரைமணி நேரம் பரீனாவுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பட்டாணிச்சூருக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உள்ளே ஏதோ எரியத் தொடங்கியது. மத்தியானம் அவளும்தான் பிள்ளையின் பக்கத்தில் நின்றாள். ஒன்பது வருடம் தவமிருந்து பெற்ற பிள்ளையின் காது மடங்கிக் கிடந்ததை அவள் காணவில்லை. முந்தாநாள் வந்த ஒருத்தி கண்டாள்.

அதற்குப் பிறகு பிரேமிளா அந்தக் கண் பேச்சை எழுத்துவரை கொண்டுபோனாள். அ, ஆ, இ என்று அவள் சொல்லிக்கொண்டே வர, வேண்டிய எழுத்தில் பிள்ளை இமையை மூடுவாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைதானே, பாதி எழுத்துப் பிழை. பிழையையும் சேர்த்தே பிரேமிளா விளங்கிக்கொண்டாள். ஃபேனை நிறுத்தச் சொன்னது, வாப்பாவைக் கேட்டது, வீட்டுப் பூனைக்குச் சாப்பாடு வைத்தார்களா என்று விசாரித்தது எல்லாம் பரீனாவுக்கு அவள் வாயாலேதான் வந்து சேர்ந்தது. பரீனாவும் முயன்று பார்த்தாள். அவசரத்தில் எழுத்துகளை ஓட்டிவிடுவாள், பிள்ளை மூடுவதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். இரண்டு சொல் தாண்டுவதற்குள் ஸுல்பா களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு பிரேமிளா வந்து, "காணும் அக்கா, போதும், பிள்ளை களைச்சிட்டா," என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். பரீனாவுக்கு வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னது போல இருக்கும்.

குழாயின் வாயை மூடி, முதன்முதலாகச் சத்தம் வருகிறதா என்று பார்த்த நாள் பரீனா கட்டிலருகே நின்றாள். டாக்டர், "ஏதாவது சொல்லுங்கோ பாப்பம்," என்றார். பிள்ளை தொண்டையைச் செருமி, சுற்றிவரப் பார்த்து, "மிஸி," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பரீனாவும் சிரித்தாள். வார்ட்டை விட்டு வெளியே வரும்வரை அந்தச் சிரிப்பைக் கழற்றாமல் வைத்திருந்தாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டிய நாள் பைறூஸ் டாக்டர்களுக்கும் நேர்ஸ்மாருக்கும், தரை கழுவுகிறவருக்கும்கூட நன்றி சொல்லித் திரிந்தான். பிரேமிளாவுக்கு அன்று லீவு. பைறூஸுக்கு அது பெரிய மனக்குறை. பரீனாவுக்கு நிம்மதி.

"அந்தப் பிள்ளையைக் காணாமல் வந்தது சரியில்லை," என்று அவன் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு நாளைக்குப் போவம். நீ ஒரு சட்டி வட்டிலப்பம் செய். வார்ட்டில எல்லாருக்கும் குடுத்து, அவவுக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வருவம்."

"ஓம், செய்வம்," என்பாள் பரீனா. ஒரு கிழமை முட்டையிடுகிற கோழிகள் அடைக்குப் படுத்துவிட்டன. அடுத்த கிழமை பிள்ளைக்குத் தடிமன். அதற்கடுத்த கிழமை கச்சான் பிடுங்குகிற வேலை தலைக்குமேல். காரணங்களுக்கு ஒரு நாளும் பஞ்சம் வரவில்லை.

ஒரு நாள் முற்பகல் பரீனாவின் போன் அடித்தது. ஸுல்பா பாயில் உட்கார்ந்து கச்சான் பருப்புகளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். விரலுக்குப் பலம் வர ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. இருநூறு வரை போட்டு மிஸிக்குக் காட்ட வேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

"அக்கா, நான் பிரேமிளா கதைக்கிறன். ஸுல்பா எப்பிடி? ஒருக்கா கதைக்கலாமே?"

பரீனா மகளைப் பார்த்தாள். பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு பருப்போடு போராடிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை நித்திரை," என்றாள் பரீனா.

"ஆர் உம்மா?" என்று பாயிலிருந்து சத்தம் வந்தது. பரீனா போனைக் காதில் அழுத்திக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள்.

அந்தப் பக்கம் கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது. "பரவாயில்லை அக்கா. எழும்பினா நான் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

சொல்லவில்லை. லொத்தரில் பரிசு விழுந்திருக்கிறது என்று தொல்லை கொடுத்த ஒருவனைத் தடுக்க பைறூஸ் காட்டிக்கொடுத்த அதே வழியில், அந்த நம்பரை இனி வராதபடி தடுத்துவைத்தாள். ஒரு வேலை முடிந்தது போலத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஸுல்பா கேட்டாள். "மிஸி போன் எடுக்கிறன் எண்டு சொன்னவ. மறந்திட்டாவா?"

"அவவுக்கு எத்தனை பிள்ளையள் மகள். எல்லாரையும் நினைச்சுக்கொண்டிருக்க ஏலுமா?"

பிள்ளை யோசித்தாள். பிறகு பெரிய மனுசிபோலத் தலையாட்டினாள். அன்றைக்குப் பிறகு வீட்டில் மிஸி என்ற பேச்சுக் குறைந்தது. தலை இழுக்கும்போது ஸுல்பா பேசாமல் இருந்தாள். பரீனாவுக்கு மகள் திரும்பக் கிடைத்துவிட்டாள் போல இருந்தது. கச்சான் கிண்ணம் அப்படியே அலுமாரிக்கு மேலே கிடந்ததை அவள் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு தரம் எடுத்துக் கொடுத்தபோது, "பிறகு செய்யிறன். ஆருக்குக் காட்டப்போறன்?" என்றாள் பிள்ளை.

அடுத்த மாதக் கிளினிக் ஒரு செவ்வாய்க்கிழமை. பயிற்சி கொடுக்கிற பெண் ஸுல்பாவின் விரல்களை மடக்கி நிமிர்த்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

"கால் நல்லா வந்திட்டுது. ஆனா கை போன மாசத்தை விடக் குறைஞ்சு கிடக்கு அம்மா. வீட்டில செய்யிறேல்லையா?"

ஸுல்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது நடைபாதையில் ஐ.சி.யு.வில் வேலை செய்கிற இராசமலர் எதிர்ப்பட்டாள். பிள்ளையைக் கண்டதும் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள்.

"நடந்து வாறியளே ராசாத்தி? பிரேமிளா மிஸி உங்களுக்கு எத்தினை தரம் போன் எடுத்தவ. வேலை செய்யேல்லையாம். இண்டைக்கு அவவுக்கு லீவு. வெள்ளியோட மாற்றலாகிப் போறா தெரியுமே? திருகோணமலைக்கு. கலியாணம் சரிவந்திட்டுது."

"போன் பழுது," என்றாள் பரீனா.

பஸ் ஓமந்தை தாண்டியதும் ஸுல்பா தாயின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். "உம்மா, மிஸி மறக்கேல்லை."

"ஓம்."

"உங்கட போன் பழுதில்லைத்தானே. நேத்தும் மாமி அதுக்கு எடுத்துக் கதைச்சவ."

பிள்ளை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். புளியங்குளத்தில் திரும்பி, நெடுங்கேணி தாண்டி, வீட்டுக்கு வரும்வரை அந்த முகம் திரும்பவில்லை.

"சோறு தரவா மகள்?" என்று கேட்டபோது ஸுல்பா தாயை நேராகப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கண்ணை இரண்டு தரம் மூடித் திறந்தாள்.

"பால்?"

இரண்டு தரம்.

"உம்மாவோட கோவமா?"

ஒரு தரம்.

மகளின் கண் பேச்சு ஒரு எழுத்துப் பிசகாமல் பரீனாவுக்கு விளங்கியது அதுதான் முதல் தடவை.

பைறூஸ் தோட்டத்தால் வந்து அந்தி மஃரிப் தொழுது முடிந்ததும் அவனைக் குசினிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்தது, பொய் சொன்னது, நம்பரைத் தடுத்தது, எல்லாம்.

"ஏன் அப்பிடிச் செய்தனி?" அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "அந்தப் பிள்ளை எங்கட பிள்ளையை மீட்டுத் தந்தவ."

"தெரியும். தந்தவதான். தந்த கையைப் பாக்கத்தான் எனக்கு எரியுது. நான் அந்த வாங்கிலில முப்பத்தெட்டு நாள் இருந்தனான். கதவு திறக்கிற சத்தம் கேக்கிற நேரமெல்லாம் எழும்பி நிண்டனான். அது பிள்ளைக்குத் தெரியுமா? பிள்ளைக்கு என்ர கை குளிர் எண்டு மட்டும்தான் தெரியும்."

பைறூஸ் குனிந்து அடுப்பு விறகை உள்ளே தள்ளிவிட்டான். ஏதோ சொல்லப்போகிறான் என்று அவள் எதிர்பார்த்தாள். புத்தி சொல்வான், அல்லது ஏசுவான்.

"எத்தினை முட்டை வேணும்?" என்று கேட்டான்.

"முப்பது."

"நாளைக்கு வாங்கி வாறன்."

வியாழக்கிழமை பரீனா முட்டையை உடைத்து, கித்துள் கருப்பட்டியைக் கரைத்து, தேங்காய்ப்பாலும் ஏலமும் சேர்த்து வட்டிலப்பம் அவித்தாள். அவளுடைய கைக்கு அது நன்றாக வரும். அன்றைக்கு எதையாவது குறைத்துவிடலாமா என்றுகூட ஒரு நினைவு வந்தது. வந்த நினைவைப் பார்த்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது. கஜு முந்திரிப் பருப்பை இரட்டிப்பாகப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வவுனியாவில் இறங்கியதும் பைறூஸ் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். பரீனாவும் ஸுல்பாவும் மட்டும் அந்தப் பழைய நடைபாதைக்குப் போனார்கள். இராசமலர் உள்ளே போய்ச் சொல்ல, கதவைத் திறந்துகொண்டு பிரேமிளா வெளியே வந்தாள்.

ஸுல்பா வாங்கிலிலிருந்து எழுந்தாள். பிரேமிளா ஓடிவந்து தூக்கவில்லை. வந்த இடத்திலேயே நின்று, கையை மட்டும் நீட்டிக்கொண்டு, "வாங்கோ, நீங்களே வாங்கோ," என்றாள். பிள்ளை இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி நடந்தாள். நடுவில் ஒருதரம் தடுமாறியது. பரீனாவின் கை தானாக முன்னே போனது. ஆனால் பிள்ளை பார்த்தது தாயை அல்ல. விழாமல் போய்ச் சேர்ந்து அந்த வெள்ளை உடுப்பைக் கட்டிப்பிடித்தாள். பிரேமிளா பிள்ளையின் உச்சந்தலையில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு இருவரும் இமையை மூடித் திறந்து ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

பரீனா துவாயால் சுற்றிய சட்டியை ஏந்தியபடி, விற்க வந்தவள்போல ஒரு ஓரமாக நின்றாள். அந்தச் சிரிப்பு என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் விருப்பமில்லை.

இராசமலர் சட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்கோ ராசாத்தி, எல்லாருக்கும் நீங்களே குடுங்கோ," என்று பிள்ளையைத் தேத்தண்ணி குடிக்கிற அறைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நடைபாதையில் இரண்டு பேரும் தனியே நின்றார்கள்.

"நீங்க போன் எடுத்த நேரம்," என்று பரீனா தொடங்கினாள், "பிள்ளை நித்திரை இல்லை."

"தெரியும் அக்கா. பின்னால அவவின்ர சத்தம் கேட்டது."

"பிறகு நம்பரைத் தடுத்து வச்சதும் நான்தான்."

பிரேமிளா தலையாட்டினாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "நான் எடுத்தது பிழையோ எண்டு யோசிச்சனான். வீட்டுக்குப் போன பிள்ளையளுக்கு நாங்கள் போன் எடுக்கிறேல்லை. எல்லாப் பிள்ளையளும் இஞ்ச இருந்து வீட்டுக்குப் போறதுமில்லை அக்கா. போன ஒண்டு எப்பிடி இருக்கு எண்டு கேக்க வேணும் போல இருந்தது."

பரீனா ஐ.சி.யு. கதவைப் பார்த்தாள்.

"இன்னொண்டும் சொல்லவேணும்," என்றாள் பிரேமிளா. அவள் குரல் தாழ்ந்தது. "குழாய் மூடின அண்டைக்குப் பிள்ளை 'மிஸி' எண்டு கூப்பிட்டா. நீங்கள் பக்கத்திலதான் நிண்டனீங்கள். 'உம்மாவையும் கூப்பிடுங்கோ' எண்டு நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லேல்லை. எனக்கு அது நல்லாயிருந்தது."

பரீனாவுக்கு முதலில் வந்தது கோபம். அப்படியென்றால் அவள் நினைத்ததெல்லாம் வெறும் கற்பனை இல்லை. இத்தனை நாளும் தன் மனம்தான் கெட்டது என்று அவள் தன்னையே கடிந்துகொண்டு கிடந்தாள். கோபத்தோடு சேர்ந்து பெரிய ஆறுதலும் வந்தது. எதிரே நின்றவள் வானத்திலிருந்து இறங்கியவள் இல்லை. பிறத்தியார் பிள்ளை தன்னைக் கூப்பிட்டதில் மயங்கிப்போன ஒரு சின்னப் பெண்.

"நன்றி சொல்லத்தான் வந்தனான்," என்றாள் பரீனா. "வாய் வருதில்லை."

"சொல்லாட்டிப் பரவாயில்லை அக்கா."

"இல்லை. சொல்லத்தான் வேணும். என்ர பிள்ளையின்ர காது மடங்கிக் கிடந்ததை நீங்கதான் கண்டனீங்க. நான் காணேல்லை. பிள்ளையைக் கதைக்க வச்சது நீங்க. நன்றி." கடைக்காரனோடு சண்டை பிடிக்கிறவளின் குரலில்தான் அது வந்தது. ஆனாலும் ஒரு சொல் குறையாமல் வந்தது.

உள்ளேயிருந்து யாரோ பிரேமிளாவைக் கூப்பிட்டார்கள். அவள் பரீனாவின் கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டு உள்ளே போனாள். அவள் கை உண்மையிலேயே சூடாகத்தான் இருந்தது.

பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திருகோணமலையிலிருந்து போன் வந்தது. ஸுல்பா அதற்காகவே கிழமை முழுவதும் கச்சான் பருப்பு எண்ணினாள். இருநூறு தாண்டி, பென்சில் பிடித்து, மூன்றாம் தவணைக்குப் பள்ளிக்கூடமும் போகத் தொடங்கினாள். போன் வந்ததும் பரீனா அதை மகளிடம் கொடுத்துவிட்டு, கிணற்றடியில் ஏதாவது வேலையை உண்டாக்கிக்கொண்டு போய்விடுவாள். உள்ளே கேட்கிற சிரிப்பு இன்னும் எரியத்தான் செய்தது. கொல்லுகிற எரிவு இல்லை. பச்சை மிளகாய் நறுக்கிய கை போல, தண்ணீர் பட்டால் அடங்கி, பிறகு கிளம்புகிற எரிவு.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு பிரேமிளா முதலில் பரீனாவைத்தான் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம், அந்த வட்டிலப்பத்தை எப்படிச் செய்வது என்று. பரீனா கருப்பட்டி எவ்வளவு, பால் எந்தப் பதம் என்று சொல்லிக்கொண்டு போனாள். பேச்சு அதிலிருந்து மாமியாருக்குப் போய், புது வார்ட்டுக்குப் போய், எங்கெங்கோ போனது. பரீனா தான் சிரித்ததைத் தானே கேட்டாள்.

ஸுல்பா வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உம்மா, காணும். என்ர மிஸி. எனக்குத் தாங்கோ."

"பொறுங்கோ மகள், நாங்கள் முக்கியமான கதை கதைக்கிறம்," என்றாள் பரீனா. பிள்ளையின் முகம் சுருங்கிச் சிவப்பதைக் கண்டாள். அப்படியும் போனைக் கொடுக்காமல், மற்றப் பக்கம் திரும்பி நின்று, முட்டை அடிக்கிற விதத்தை இன்னும் ஒருமுறை ஆற அமர விளக்கினாள்.